நாற்பத்தெட்டு அர்ச்சனைச் சீட்டுகள்

ஜனவரி 11
கிளினிக்கிலிருந்து

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மகனும் நலம். அங்கு நீங்கள், சம்பந்தி ஐயா, என் மருமகள் மூவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஐயாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சொன்ன வெந்நீர் ஒத்தடத்தை அவர் ஒரு நாள்கூட ஒழுங்காகக் கொடுத்திருக்க மாட்டார் என்று தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

மருமகள் ஓய்வுக்கு என்று அங்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. கணவன் மனைவிக்குள் வார்த்தை தடித்துப்போவது எந்த வீட்டிலும் உள்ளதுதான். இதை ஊதிப் பெரிதாக்க நான் விரும்பவில்லை. நீங்களும் விரும்ப மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

என் மனதில் உறுத்திக்கொண்டிருப்பது வேறு விஷயம். கல்யாணத்தன்று நான் ஒன்று வேண்டிக்கொண்டேன். ஒரு வருடத்துக்குள் இருவரையும் உங்கள் மலைக்கோவிலுக்கு அழைத்து வந்து, அந்தச் சந்திப்பு மண்டபத்தில் மாலை மாற்ற வைக்கிறேன் என்று அம்மனிடம் சொல்லியிருந்தேன். ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. இவனுக்கு லிஃப்ட் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை, அப்புறம் எனக்கு மறந்துவிட்டது. சொன்னதைச் செய்யாமல் விட்டதுதான் இப்போது குறுக்கே நிற்கிறது என்று நினைக்கிறேன்.

நீங்கள் அந்தக் கோவிலிலேயே அர்ச்சனைச் சீட்டு எழுதும் வேலையில் இருக்கிறீர்கள். இருவர் பேரிலும் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அர்ச்சனை செய்ய முடியுமா? அவன் மகம், அவள் சுவாதி. ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாது. இருவரும் சேர்ந்துவிட்டால் நானே கூட்டி வந்து வேண்டுதலை முடிக்கிறேன்.

பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம். தபால் பெட்டியில் மழைத் தண்ணீர் இறங்குகிறது. கிளினிக் முகவரிக்கே எழுதுங்கள். போனிலும் வேண்டாம், எனக்குக் காது முன்போல் இல்லை.

அவளுடைய மணிக்கட்டுக் கட்டைப் பிரித்துவிட்டாளா? பத்து நாள் போதும் என்று சொல்லி அனுப்பினேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

*

ஜனவரி 22
கோவில் சீட்டுக் கவுண்டரிலிருந்து

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. நலம், நலமறிய ஆவல். இவருக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஒத்தடப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

நேற்று முதல் நாள் அர்ச்சனை முடிந்தது. மற்றவர்களுக்கு எழுதி எழுதித் தேய்ந்த கை, நம் வீட்டுப் பெயர்களை எழுதும்போது கொஞ்சம் நின்றது. பக்கத்துக் கவுண்டர்க்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, உங்களுக்கேவா?" என்றாள். எனக்கேதான் என்றேன்.

நீங்கள் கல்யாணத்தின்போது அவசரமாகப் பார்த்துவிட்டுப் போனீர்கள். அதனால் இந்தக் கோவிலின் முறையைச் சொல்லிவிடுகிறேன். சுவாமி கீழே இருக்கிறார், அம்மன் முந்நூற்றுப் பன்னிரண்டு படிக்கு மேலே தனியாக இருக்கிறாள். சுவாமி ஏதோ சொல்லிவிட்டார், அவள் கோபித்துக்கொண்டு மலையேறி உட்கார்ந்துவிட்டாள், பிறகு ஒரு நாள் பாதிப் படி இறங்கி வந்து அவரைச் சந்தித்தாள் என்பது கதை. என்ன சொன்னார் என்று தலபுராணத்தில் இல்லை. சொன்னவருக்கு மறந்திருக்கும், கேட்டவளுக்கு மறந்திருக்காது.

தம்பதியாக வருகிறவர்கள் குளத்தில் கால் நனைத்ததும் பிரிந்துவிட வேண்டும். மனைவி கீழே சுவாமியிடம் போய்த் தன் குறையைச் சொல்ல வேண்டும். கணவன் படியேறிப் போய் அம்மனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு அவன் இறங்கி, இவள் ஏறி, பாதிப் படியில் இருக்கும் மண்டபத்தில் சந்திக்க வேண்டும். அதுவரை ஒருவரோடும் பேசக் கூடாது. மாலை மாற்றிய பிறகுதான் முதல் வார்த்தை. நான் பார்த்தவரை, பெரும்பாலான ஜோடிகளின் முதல் வார்த்தை "செருப்ப எங்க விட்டீங்க" என்பதுதான்.

பெண் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். கட்டைப் பிரித்தாகிவிட்டது. இடது கையில் இன்னும் எதையும் எடுப்பதில்லை, டம்ளரைக்கூட வலது கையில்தான் பிடிக்கிறாள். அங்கே திரும்பி வருவது பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சம்பந்தி

*

பிப்ரவரி 6
கிளினிக்கிலிருந்து

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். நலம். உங்கள் கடிதத்தைப் படித்து மனம் கொஞ்சம் அடங்கியது. பதினேழு நாள் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறேன். காலை அர்ச்சனையா, மாலையா? காலை என்றால் நல்லது. நீங்கள் அதற்கு முன் எதுவும் சாப்பிட வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம். உங்களுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் என்றால் ஐயாவை அனுப்புங்கள், நாள் மட்டும் விட்டுப்போகக் கூடாது. மருந்துச் சீட்டு எழுதுகிற மாதிரி எழுதுகிறேன் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு வேறு எப்படி எழுதுவது?

இங்கே பலன் தெரிகிறது. இவன் மிகவும் அமைதியாகிவிட்டான். வேலை முடிந்து வந்தால் கதவைக்கூட மெல்லத்தான் சாத்துகிறான். வீட்டில் இப்போது சத்தமே இல்லை. மார்ச் கடைசியில் லீவு போட்டு நேரில் வந்து கூப்பிடுகிறேன் என்று அவனே சொன்னான்.

மருமகளின் அலமாரியை நான் பூட்டி வைத்திருக்கிறேன், யாரும் தொடவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். அவள் விட்டுப்போன தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

கட்டைப் பிரித்த பிறகு விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொல்லுங்கள். காலையில் பத்து, மாலையில் பத்து.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

*

பிப்ரவரி 17
கோவிலிலிருந்து

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். எல்லோரும் சுகம். இன்று இருபத்தெட்டாவது நாள். காலை அர்ச்சனைதான். ஒரு நாளும் விடவில்லை.

விரலை மடக்க முடியவில்லை என்று அவள் சொன்னதால் இங்கே எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுத்தார். முன்கையில் ஓர் எலும்பு உடைந்து, கோணலாகவே ஒட்டியிருக்கிறதாம். இனிமேல் அந்த மணிக்கட்டு முழுதாகத் திரும்பாதாம். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டி, "விழுந்தா வேற மாதிரி உடையும்மா. இது திருகினதுல உடைஞ்ச மாதிரி இருக்கு" என்றார். பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள். கட்டுப் போட்டது நீங்கள். என்னைப்போல் ஒன்றும் தெரியாதவர் இல்லை, முப்பத்தொரு வருடம் காயங்களைப் பார்த்தவர். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அன்றைக்கு நீங்கள் என்ன பார்த்தீர்கள்?

பதில் எழுதுங்கள்.

சம்பந்தி

*

மார்ச் 12
கோவிலிலிருந்து

சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கலாம் என்று முதல் பத்து நாள் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

மூன்று நாள் முன்பு மண்டலம் முடிந்தது. கடைசி நாள் முறைப்படி அம்மனுக்குப் புடவை சாத்தி, விளக்கு ஏற்றி, படியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தோம். நாற்பத்தெட்டுக் குங்குமப் பொட்டலமும் என்னிடம் இருக்கிறது. உங்களுக்கு வேண்டுமானால் அனுப்புகிறேன்.

எக்ஸ்ரே எடுத்த அன்று, டாக்டர் அறையைவிட்டு வெளியே வந்து, மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது பெண் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நடு வரிசையில், முன்னால் இரண்டு பேர், பின்னால் நாலு பேர். அதுவரை ஒன்றரை வருடமாக வாயே திறக்காதவள். அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டில் நடந்ததை உங்களுக்கே நான் எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை.

விவாகரத்துக்கு மனுக் கொடுத்திருக்கிறாள். நோட்டீஸ் அடுத்த வாரம் உங்கள் வீட்டுக்கு வரும். காகிதம் வந்து தெரிந்துகொள்வதைவிட என் கையெழுத்தில் தெரிந்துகொள்வது மரியாதை என்று நினைத்து எழுதுகிறேன். மாப்பிள்ளை இந்த மாதம் வருவதாக இருந்தால் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

ஏப்ரல் 3
கிளினிக்கிலிருந்து

அம்மா அவர்களுக்கு,

நோட்டீஸ் வந்தது. படித்தோம்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அந்த நாற்பத்தெட்டு நாளும் உண்மையில் நடந்ததா? ஒரு நாளாவது விட்டுப்போனதா? சீட்டை எழுதி வைத்துவிட்டு, கூட்டத்தில் குருக்களிடம் கொடுக்க மறந்தீர்களா? முறையாக நடந்திருந்தால் அம்மன் இப்படி ஒரு காகிதத்தை எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டாள். பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பதற்கென்றே பேர் போன கோவில் அது. எங்கெங்கிருந்தோ வருகிறவர்களுக்கெல்லாம் செய்கிறவள், அவள் காலடியிலேயே உட்கார்ந்து வேலை செய்கிற உங்கள் மூலமாகக் கேட்டும் செய்யவில்லை என்றால் தவறு எங்கே நடந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு: எங்கள் கிளினிக்கில் கட்டுப் போடும் ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் காரணம் எழுதுவோம். டிசம்பர் எட்டாம் தேதி "குளியலறையில் வழுக்கி விழுந்தது" என்று என் கையெழுத்தில் பதிவாகியிருக்கிறது. மகனின் வக்கீல் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துப் போயிருக்கிறார். பதிவேட்டில் இருப்பது இருப்பதுதான்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் தாய்

*

ஏப்ரல் 14
கோவிலிலிருந்து

சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். என்னை நீங்கள் எப்படிக் கூப்பிட்டாலும் நான் இப்படித்தான் கூப்பிடுவேன்.

கேட்டீர்கள், சொல்கிறேன். நாற்பத்தெட்டு நாளும் நடந்தது. ஒரு நாளும் விடவில்லை. வெறும் வயிற்றோடுதான் போனேன். எல்லாச் சீட்டும் என் கையாலேயே எழுதி, குருக்கள் கையிலேயே கொடுத்து, அவர் இரண்டு பெயரையும் இரண்டு நட்சத்திரத்தையும் உரக்கச் சொல்வதைக் காதால் கேட்டேன். ஆனால் எங்கள் அர்ச்சனைச் சீட்டில் பெயர், நட்சத்திரம், கோத்திரம், அவ்வளவுதான் உண்டு. எதற்காக அர்ச்சனை என்று எழுத இடம் கிடையாது. தீபாராதனை காட்டும்போது நிற்கிறவர் மனதுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் பன்னிரண்டு நாள் நீங்கள் சொன்னதைத்தான் கேட்டேன். இருவரையும் சேர்த்துவை என்றே கேட்டேன். அதில் வஞ்சனை இல்லை. எனக்கும் அப்போது அதுதான் வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பெண்ணைப் பற்றி அக்கம்பக்கம் விசாரிப்பதற்கு நானும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் வெயில் விழுகிறதே என்று ஜன்னல் திரையை இழுத்தேன். கம்பியில் வளையம் உரசிச் சத்தம் வந்தது. அவள் கண்ணைத் திறப்பதற்கு முன்னாலேயே கை முகத்தின் குறுக்கே வந்துவிட்டது. நான்தான் என்று தெரிந்ததும் கையை இறக்கிக்கொண்டு, "கொசும்மா" என்றாள். கொசு இல்லை.

மறுநாளிலிருந்து நான் கேட்டது வேறு. என் பெண்ணை அந்த வீட்டிலிருந்து விடுவித்துவிடு என்று கேட்டேன். முப்பத்தாறு நாள் அதையே கேட்டேன். நீங்கள் கேட்கச் சொன்ன அர்ச்சனையில், நீங்கள் சொன்ன பெயர்களை வைத்துக்கொண்டே.

இது திருட்டா என்று குருக்களிடம் ஒரு நாள் போய்க் கேட்டேன். அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே, "நான் பேரும் நட்சத்திரமும் சொல்றேன். மிச்சம் அவளுக்கும் உங்களுக்கும் உள்ளது. என்ன ஏன் நடுவுல இழுக்கறீங்க" என்றார். போகும்போது திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னார். "கதைல அவ இறங்கி வந்தான்னுதாம்மா இருக்கு. இறக்கிக் கூட்டிட்டு வந்தாங்கன்னு இல்ல."

உங்களை ஏமாற்றினேன். அதற்கு வெட்கப்படுகிறேன். கேட்டதற்கு வெட்கப்படவில்லை.

சம்பந்தி

*

ஜூன் 20
கிளினிக்கிலிருந்து

சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். இரண்டு மாதம் எழுதவில்லை. உங்கள்மேல் கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மே மாதம் நடுவில் உங்கள் கோவிலுக்கு வந்தேன். வீட்டில் ஒரு நர்ஸின் மகள் கல்யாணம் என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் கவுண்டர் வரிசையில் நிற்கத் தைரியம் இல்லை, பக்கத்து வரிசையில் நின்றேன். நீங்கள் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே, "பேர், நட்சத்திரம்" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு கிழவருக்குத் தன் மருமகனின் நட்சத்திரம் தெரியவில்லை. பிறந்த மாதத்தைக் கேட்டு ஏதேதோ விசாரித்து, கடைசியில், "போங்க, அம்மனுக்குத் தெரியும்" என்று சீட்டைக் கொடுத்தீர்கள்.

நான் சீட்டு வாங்கியது என் மகனுக்கு. வழக்கில் அவன் ஜெயிக்க வேண்டும் என்று கேட்கத்தான் வந்தேன்.

வரிசை நகர்வதற்குள் மருமகள் உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்தாள். பாத்திரத்தை வலது கையால் ஜன்னலில் வைத்தாள். மூடி இறுக்கமாக இருந்தது. இடது கையால் பாத்திரத்தைப் பிடித்துத் திறக்க வேண்டும், அந்தக் கை வரவில்லை. பாத்திரத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு திறந்தாள். யாரும் கவனிக்கவில்லை. பழக்கமாகிவிட்டது போல இருந்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறினேன். குருக்கள் மகம் என்று சொன்னார். விளக்குக் காட்டினார். நான் கேட்க வந்தது வாயில் வரவில்லை. மனதிலும் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள், நகர்ந்துவிட்டேன்.

நீங்கள் பிப்ரவரியில் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். டிசம்பர் எட்டாம் தேதி காலையில் நான் சமையலறையில் இருந்தேன். அவன் சட்டைக்குப் பொத்தான் தைக்கவில்லை என்று ஆரம்பித்தது. அவள் கத்தியதைக் கேட்டேன். போய்ப் பார்த்தபோது அவள் கை அவன் கையில் இருந்தது, பின்னால் திருப்பியபடி. நான் "விடுடா" என்றேன். விட்டான். அதற்கு முன்னாலும் நடந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் போய் "விடுடா" என்றேன், அவன் விட்டான், நான் அதோடு முடிந்தது என்று வைத்துக்கொண்டேன்.

கையைத் தொட்டதுமே எலும்பு போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். எக்ஸ்ரேவுக்கு அனுப்பினால் அங்கே கேட்பார்கள் என்று அனுப்பவில்லை. சுளுக்கு என்று சொல்லிக் கட்டுப் போட்டேன். பதிவேட்டில் என்ன எழுதட்டும் என்று அவளையே கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வழுக்கி விழுந்துட்டேன்னு எழுதிக்கோங்க அத்தை" என்றாள். எழுதினேன். முப்பத்தொரு வருடத்தில் நான் தெரிந்து எழுதிய ஒரே பொய் அது.

தபால் பெட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. என் கடிதங்களை அவன் பிரித்துப் படிப்பான். என் காதும் நன்றாகத்தான் இருக்கிறது.

சம்பந்தி

*

ஜூன் 29
வீட்டிலிருந்து

சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "மன்னித்தேன்" என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். அவ்வளவு தூரம் வந்து, என் கண்ணில் படாமல், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனீர்களே என்பதற்கும் வருத்தமாக இருக்கிறது. இரண்டும் ஒன்றாக எப்படி வருகிறது என்று எனக்கே புரியவில்லை.

பெண்ணிடம் கடிதத்தைக் காட்டவில்லை. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னேன். "அத்தைக்கு பிரஷர் மாத்திரை யார் வாங்கித் தர்றாங்க" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

வழக்கு ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி எங்கள் ஊர் நீதிமன்றத்தில் வருகிறது. அந்தப் பதிவேட்டு நகல்தான் எங்களுக்கு எதிரே சுவர் மாதிரி நிற்கிறது என்கிறார் எங்கள் வக்கீல். அது நீங்கள் எழுதியதுதான் என்று சொல்வதற்காக அவர்கள் பக்கத்துச் சாட்சிப் பட்டியலில் உங்களைப் போட்டிருக்கிறார்களாம்.

உங்கள் கடிதத்தையே கோர்ட்டில் கொடுத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் கொடுக்க மாட்டேன். என்னை நம்பி எழுதியதை எடுத்துப்போய் அங்கே போட முடியாது. ஏற்கனவே ஒரு தடவை உங்களை ஏமாற்றியாகிவிட்டது. மகனுக்கு எதிராக நிற்கச் சொல்லி ஒரு தாயிடம் கேட்கவும் என் வாய் வராது. அதனால் தேதியை மட்டும் எழுதியிருக்கிறேன்.

சம்பந்தி

*

ஆகஸ்ட் 27
கிளினிக் மாடியிலிருந்து

சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். நலமாகத்தான் இருக்கிறேன்.

அன்று நீதிமன்ற வராந்தாவில் நான் அவனோடு சேர்ந்து வந்ததைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மூடிய அறையில் விசாரித்ததால் உங்களை உள்ளே விடவில்லை. நான் சொன்னதை மருமகள் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமலும் இருந்திருப்பாள், அவள் அப்படிப் பழகியவள். அதனால் நானே எழுதுகிறேன்.

அவன் வக்கீல் நகலைக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானே" என்றார். ஆமாம் என்றேன். அவர் உட்காரப் போனார். "கையெழுத்து என்னுது. எழுதினது உண்மை இல்ல" என்றேன். நீதிபதி ஒரு பெண். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகச் சொல்லச் சொன்னார். சமையலறையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். உடைத்தது யார் என்று கேட்டார். என் மகன் என்றேன். நர்ஸாக இருந்தும் எக்ஸ்ரேவுக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்டார். அதற்கும் பதில் சொன்னேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

மருமகள் ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முழு நேரமும் என்னையே பார்த்தான். வெளியே வந்ததும், "இனிமே வீட்டுக்கு வராதே" என்றான். கத்தவில்லை. வீடு அவன் பேரில் இருக்கிறது. அடுத்த பஸ்ஸில் தனியாக ஏறினேன். உங்களிடம் வந்து பேசியிருக்கலாம். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிடுவேன் என்று பயந்தேன், அன்றைக்கு அழ வேண்டியவள் நான் இல்லை.

கிளினிக் மாடியில் மருந்துப் பெட்டிகள் இருந்த அறையை டாக்டர் ஒழித்துக் கொடுத்திருக்கிறார். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. பதிவேடு எழுதும் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். அது சரிதான். இப்போது பஞ்சும் துணியும் மடித்துக் கொடுக்கிறேன், கத்திரிகளை வெந்நீரில் போட்டு எடுக்கிறேன்.

ஒன்றை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. சாயங்காலமானால் அவன் சாப்பிட்டானா என்றுதான் முதலில் தோன்றுகிறது. அவனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

சம்பந்தி

*

செப்டம்பர் 24
வீட்டிலிருந்து

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். நேற்றுத் தீர்ப்பு வந்தது. விவாகரத்து கிடைத்துவிட்டது. அந்தக் காகிதத்தை வக்கீல் கொடுத்தபோது பெண் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பசிக்கிறது என்றாள். இந்தப் பத்து மாதத்தில் அவள் வாயிலிருந்து பசி என்ற வார்த்தை வந்ததே இல்லை. மூவரும் எதிரே இருந்த ஓட்டலில் போய்ச் சாப்பிட்டோம்.

இன்றோடு இரண்டு குடும்பத்துக்கும் உறவு எதுவும் இல்லை என்றார் வக்கீல். உங்களை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று இன்று முழுக்க யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

உங்கள் ஆகஸ்ட் கடிதத்தை அவளிடம் கொடுத்திருந்தேன். ஜூன் மாதத்துக் கடிதத்தையும் சேர்த்து. படித்துவிட்டாள். உங்கள்மேல் அவளுக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று நான் பூசி மெழுக மாட்டேன். "மூணாவது தடவையாவது வாயத் தொறந்திருந்தா என் கை நல்லா இருந்திருக்கும்மா" என்றாள். அதை உங்களிடம் அப்படியே எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் முன்னறையை ஒழித்தாள். தையல் துணிகளையெல்லாம் எடுத்துத் தன் அறைக்குக் கொண்டுபோனாள். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப்போட இவரைக் கூப்பிட்டாள், இவர் முழங்காலைக் காட்டினார், அவள் விடவில்லை. யாருக்கு என்று நான் கேட்டேன். "மருந்துப் பெட்டி ரூம்ல எத்தன நாள் இருப்பாங்க. பிரஷர் இருக்கறவங்க மாடி ஏறி எறங்கக் கூடாது. அவங்களேதான் எல்லாருக்கும் சொல்வாங்க" என்றாள்.

வாருங்கள். கொஞ்ச நாளோ, நிறைய நாளோ, அதை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். மகனுக்காக அம்மனிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஒரு தாய் அதைக் கேட்காமல் யார் கேட்பது? சீட்டு நான் எழுதித் தருகிறேன், படி மட்டும் நீங்கள்தான் ஏற வேண்டும். இந்தத் தடவை என்னை நம்பி ஒப்படைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஏறினால் மத்தியானத்துக்குள் வந்துவிடலாம். கோவில் வாசலில் இறங்க வேண்டாம், கூட்டமாக இருக்கும். அதற்கு முந்தின நிறுத்தத்தில், தண்ணீர் டேங்குக்கு எதிரே இறங்குங்கள். அவள் அங்கே வந்து நிற்பாள். உங்களைப் பார்த்ததும் பையைக் கொடுங்கள் என்று கை நீட்டுவாள், இடது கைப் பக்கம் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
சம்பந்தி